கண்ணாடியின் முதுகில் போலந்துப் புனிதர்கள்: வீட்டுச் சுவருக்கு நாமே வரையும் முழு வழிகாட்டி

போலந்தின் தெற்கு ஓரத்தில், தாத்ரா மலையடிவாரத்தில், பொட்ஹாலே என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள பழைய மரவீடுகளில் இரண்டு அறைகள் முக்கியம். சமைத்துப் புழங்கும் அறை புகை படிந்து கறுத்திருக்கும். அதற்குப் பெயரே ‘கறுப்பு அறை’. விருந்தாளிக்கும் விசேஷத்துக்கும் ஒதுக்கி வைத்தது ‘வெள்ளை அறை’. அந்த வெள்ளை அறைக்குள் நுழைந்தால், உத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே, சுவர் நீளத்துக்கு வரிசையாகக் கண்ணாடிப் படங்கள் தெரியும். மாதா, நெருப்பை அணைக்கும் புனித ஃபுளோரியன், மலைநாட்டுக் கதைகளில் வரும் கொள்ளைக்காரன் யானோசிக் என்று எல்லோரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். படங்கள் தலையை லேசாக முன்னால் சாய்த்து, கீழே நிற்பவரைப் பார்த்தபடி இருக்கும்.

இவை கண்ணாடி போட்டுச் சட்டமிட்ட படங்கள் அல்ல. கண்ணாடியின் பின்பக்கத்திலேயே வரைந்தவை. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். வேலை அதே வேலைதான். சிலேசியா, பொகீமியா, மொராவியா, ஸ்லோவாக்கியா பக்கத்துப் பட்டறைகளில் வரைந்த படங்களை வியாபாரிகள் முதுகில் சுமந்து ஊர் ஊராக விற்றார்கள். அந்தப் பழைய படங்களின் நல்ல தொகுப்பு ஒன்று ஸாகோபானே நகரத்துத் தாத்ரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரே சுவரில் புனிதரும் நாட்டு நாயகரும் சேர்ந்து தொங்குவதற்குக் காரணம் உண்டு. 1795 முதல் 1918 வரை, 123 ஆண்டுகள், உலக வரைபடத்தில் போலந்து என்ற நாடே இல்லை. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. அந்தக் காலத்தில் நாட்டின் வரலாறு வீட்டுச் சுவரிலும் கோயில் பீடத்திலும்தான் பத்திரமாக இருந்தது. அதனால் இங்கே யாரை வரைந்தாலும் அவரைச் சரியாக அடையாளம் காட்டும் ஒரு பொருள், ஒரு தழும்பு, ஒரு நிறம் இருக்கும். அதை விட்டுவிட்டு வெறும் அழகான முகம் வரைந்தால் அது யாருடைய படமும் இல்லை. இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது இதைத்தான்.

யாரை வரைவது

முதல் படம் செஸ்டோகோவா மாதாவாக இருக்கட்டும். செஸ்டோகோவா நகரத்து யாஸ்னா குரா குன்றில் 1382இல் தொடங்கிய பவுலைன் துறவிகளின் மடத்தில் இருக்கும் ‘கறுப்பு மாதா’ இவர். மூலப்படம் சுமார் 122 செ.மீ. உயரம், 82 செ.மீ. அகலம். 1430இல் மடத்துக்குள் புகுந்த கொள்ளையர் படத்தைச் சேதப்படுத்தினார்கள். கிராக்கோ நகரத்தில் பழுது பார்த்த பிறகும் கன்னத்துத் தழும்புகள் அப்படியே இருக்கின்றன. மாதாவின் வலது கன்னத்தில் இரண்டு கோடுகள் இணையாகக் கீழிறங்கும், இன்னொன்று குறுக்கே போகும். 1655இல் ஸ்வீடன் படை முற்றுகையிட்டும் மடம் விழவில்லை. அடுத்த ஆண்டு அரசர் யான் காஸிமியேஷ், மாதாவைப் போலந்தின் அரசியாக அறிவித்து உறுதிமொழி எடுத்தார். போலந்துக்காரருக்கு அந்தத் தழும்பில் இதெல்லாம் சேர்ந்து தெரியும்.

அடுத்து அரசி யாத்விகா. 1384இல் சிறுமியாக இருக்கும்போதே கிராக்கோவில் முடிசூடினார். அரசி என்றல்ல, ‘அரசர்’ என்ற பட்டத்தோடு. நகைகளையெல்லாம் கிராக்கோப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்துவிட்டு 1399இல் இறந்தார். அவரைப் பற்றிய ஒரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கோயில் கட்டும் இடத்துக்கு அரசி போயிருந்தபோது ஒரு கொத்தனார் கலங்கி நின்றிருக்கிறார். வீட்டில் மனைவிக்கு உடம்பு சரியில்லை, மருந்துக்குக் காசில்லை. அரசி காலைக் கல்மேல் தூக்கி வைத்து, காலணியில் இருந்த தங்கக் கொக்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். கல்லில் ஈரச் சுண்ணாம்பு பட்டிருந்ததால் பாதம் பதிந்துவிட்டது. கொத்தனார் அந்தத் தடத்தைச் செதுக்கி வைத்தார் என்பது கதை. கிராக்கோவின் கார்மல் சபைக் கோயில் சுவரில் அந்தப் ‘பாதம்’ இன்றும் இருக்கிறது. ஆகவே யாத்விகாவை வரையும்போது கிரீடம் மட்டும் போதாது. பாவாடை விளிம்புக்குக் கீழே ஒரு காலணி எட்டிப் பார்க்க வேண்டும்.

புனித கிங்கா ஹங்கேரி இளவரசி, போலந்துக்கு வாழ்க்கைப்பட்டவர். தன் மோதிரத்தை ஹங்கேரியின் உப்புச் சுரங்கத்தில் போட்டார் என்றும், அது போலந்தின் வியெலிச்காவில் தோண்டிய முதல் உப்புக்கட்டிக்குள் கிடைத்தது என்றும் சொல்வார்கள். கையில் உப்புக்கட்டி, அதற்குள் மோதிரம், இதுதான் அவருடைய அடையாளம். வியெலிச்காச் சுரங்கத்தில் 101 மீட்டர் ஆழத்தில் உப்பிலேயே குடைந்த கோயில் அவர் பெயரில்தான் இருக்கிறது.

மாக்ஸிமிலியன் கோல்பே நம் காலத்துக்கு நெருங்கியவர். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் இன்னொரு கைதிக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுத்த குரு. 1941 ஆகஸ்ட் 14இல் கொல்லப்பட்டார். சிறைக் கோடு போட்ட உடை, 16670 என்ற எண், வெள்ளைக் கிரீடம் ஒன்று, சிவப்புக் கிரீடம் ஒன்று. சிறுவனாக இருந்தபோது மாதா இரண்டு கிரீடங்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டதாகவும், அவர் இரண்டும் வேண்டும் என்று சொன்னதாகவும் அவருடைய வரலாற்றில் வரும். வெள்ளை தூய்மைக்கு, சிவப்பு இரத்த சாட்சியத்துக்கு.

வீரர்கள் வரிசையில் அரசர் மூன்றாம் யான் சோபியெஸ்கி: 1683 செப்டம்பர் 12 அன்று வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியப் படையை முறியடித்தவர். குதிரை, பின்னால் இறகுச் சிறகு கட்டிய ஹுசார் என்ற குதிரைப்படை வீரர்கள். கோஸ்த்யுஷ்கோ: 1794இல் ரஷ்யாவுக்கு எதிரான எழுச்சியைத் தொடங்கி, கிராக்கோ நகரச் சதுக்கத்தில் உறுதிமொழி எடுத்தவர், அரிவாளை நிமிர்த்திக் கட்டிய விவசாயிகள் அவர் பின்னால் நிற்பார்கள். கோப்பர்நிக்கஸை விஞ்ஞானி என்று மட்டும் எண்ணி விட்டுவிடாதீர்கள். அவர் ஃப்ரோம்போர்க் பேராலயத்தின் நிர்வாகக் குழுவில் வாழ்நாளின் பெரும்பகுதி இருந்தவர். ஓவியர் யான் மாத்தெய்கோ 1873இல் அவரை இரவு வானத்தின் கீழ், கோபுரத்தில், கடவுளோடு பேசுபவராகவே வரைந்தார்.

இன்னொரு போலந்துப் படம் நம்மூர் வீடுகளில் ஏற்கெனவே தொங்குகிறது. இறை இரக்க ஆண்டவர் படத்தைத்தான் சொல்கிறேன். 1931 பிப்ரவரி 22 அன்று, புவோட்ஸ்க் நகர மடத்தில் சகோதரி ஃபவுஸ்தினா கண்ட காட்சி அது. 1934இல் காஸிமிரோவ்ஸ்கி என்ற ஓவியர் வில்னியூஸில் அதை முதன்முதலில் வரைந்தார். உலகம் முழுக்கப் பரவியது, போர்க்காலத்தில் அடோல்ஃப் ஹிவா கிராக்கோவில் வரைந்த வடிவம். வீட்டுக்கு வரைந்துகொள்வது வேறு, வரைந்து விற்பது வேறு. ஹிவா 1965இல்தான் இறந்தார்; ஐரோப்பியச் சட்டப்படி ஓவியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. விற்கும் எண்ணம் இருந்தால் 1939இல் இறந்த காஸிமிரோவ்ஸ்கியின் வடிவத்தை மாதிரியாக எடுங்கள்.

முதல் முறைக்கு மூன்று படங்கள் போதும். நடுவில் மாதா, ஒரு பக்கம் ஒரு புனிதர், மறுபக்கம் ஒரு வரலாற்று நாயகர். ஒரேயடியாக எட்டுப் படம் தொடங்கினால் எதுவும் முடியாது.

கண்ணாடி

2 மி.மீ. சாதாரண ஜன்னல் கண்ணாடி போதும். செஸ்டோகோவா மாதாவுக்கு 30 × 20 செ.மீ. வெட்டச் சொல்லுங்கள்; மூலப்படத்தின் உயர அகல விகிதத்தோடு கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் நான்கு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் கை கிழியாது.

பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு முறை, காய்ந்த பின் ஸ்பிரிட்டில் ஒரு முறை துடைக்க வேண்டும். அப்புறம் வரையப் போகும் பக்கத்தை விரலால் தொடவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்காமல் சுருண்டு வரும். அதைவிட மோசம், உங்கள் கைரேகை புனிதரின் நெற்றியில் நிரந்தரமாகத் தெரியும். வரையும்போது உள்ளங்கைக்குக் கீழே ஒரு காகிதத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிப் படத்தைத் திருப்புங்கள்

என் முதல் மாதாவை நான்கு மாலை நேரம் உட்கார்ந்து வரைந்தேன். கடைசி நிறம் காய்ந்ததும் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். பளபளவென்று வந்திருந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். போலந்து நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, இது எந்த மாதா என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. குழந்தை மாதாவின் வலது கையில் இருந்தது. தழும்பு இடது கன்னத்தில் இருந்தது. குழந்தை இயேசு இடது கையால் ஆசி வழங்கிக்கொண்டிருந்தார்.

பின்பக்கத்தில் வரைவதை முன்பக்கத்திலிருந்து பார்க்கிறோம், அதனால் இடம் வலம் மாறிவிடும். அச்சிட்ட மாதிரிப் படத்தை அப்படியே கண்ணாடிக்கு அடியில் வைத்து வரைந்தால் எனக்கு நேர்ந்ததுதான் நேரும். ட்ரேசிங் பேப்பரில் நகலெடுத்து, அதைக் குப்புறப் போட்டு வையுங்கள். கணினியிலிருந்து அச்செடுத்தால் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்செடுங்கள்.

திருப்பியது சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. வரையத் தொடங்கும்முன் கண்ணாடியையும் காகிதத்தையும் சேர்த்துப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். செஸ்டோகோவாப் படத்தில் பார்ப்பவருக்கு வலப்புறம் குழந்தை, இடப்புறக் கன்னத்தில் தழும்பு. இறை இரக்கப் படத்தில் உயர்ந்திருப்பது ஆண்டவரின் வலது கை. கோல்பேயின் எண் 16670 என்று நேராகப் படிக்க வர வேண்டும். இறை இரக்கப் படத்தின் அடியில் ‘யேசு, ஊஃபாம் டோபியே’ (இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்) என்று போலந்து மொழியில் எழுதுவதானால், எழுத்தும் இடம் வலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாகவே வரையப்பட வேண்டும். எழுத்து சரியாகத் தெரிந்தால் மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

காகிதத்தை நான்கு மூலையிலும் டேப் போட்டு நகராமல் ஒட்டிவிடுங்கள்.

கோடு முதலில், பின்னணி கடைசியில்

காகிதத்தில் வரையும்போது கடைசியாக வைக்கும் கண்மணிப் புள்ளியை இங்கே முதலில் வைக்க வேண்டும். முன்னால் தெரிய வேண்டியது எதுவோ அது கண்ணாடியில் முதலில் பட வேண்டும். கை பழக இரண்டு மூன்று படம் ஆகும்; மனது பழக அதைவிடக் கொஞ்சம் கூட ஆகும்.

அக்ரிலிக் பெயிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் பயன்படுத்தியது வேறு, ஆனால் வீட்டில் செய்ய இதுதான் தோது; சீக்கிரம் காயும், மணமும் குறைவு. முதலில் மெல்லிய தூரிகையால் கறுப்புக் கோடு. பொட்ஹாலேப் படங்களின் உயிரே அந்தக் கோடுதான்: தடித்து, தயங்காமல், ஒரே இழுப்பில் போகும். நிழல், வெளிச்சம் என்று நுணுக்கமாகக் குழைக்க வேண்டியதில்லை. கோடு பிசகினால் கவலை வேண்டாம்; காய்ந்த பிறகு பல்குச்சியால் அல்லது கட்டர் பிளேடின் முனையால் சுரண்டிவிடலாம். ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். அவசரப்பட்டு மேலே நிறம் போட்டால் கோடு கலங்கி, முகம் அழுக்காகிவிடும்.

செஸ்டோகோவா மாதாவுக்கு வரிசையைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் இதே கணக்குதான்.

கோட்டுக்கு அடுத்தது கண்ணில் ஒளிப்புள்ளி, கருவிழி, பிறகு வெள்ளை. உதடு. மூக்கோரத்து வெளிச்சக் கோடு. கன்னத்துத் தழும்பு இப்போதே வந்துவிட வேண்டும். தோல் நிறம் பூசிய பிறகு ஞாபகம் வந்து என்ன பயன்? மாதாவின் ஆடை கருநீலம், அதன்மேல் தங்க லில்லிப் பூக்கள். ஆகவே பூக்கள் முதலில், ஆடை பிறகு. ஒவ்வொரு பூவையும் தங்க நிறத்தில் வைத்து, காய்ந்ததும் மொத்தமாக நீலத்தை மேலே பூசிவிடலாம். எத்தனை சுலபம் பாருங்கள்! காகிதத்தில் பூவைச் சுற்றிச் சுற்றிப் பூச வேண்டியிருக்கும். இங்கே தூரிகையை அகலமாக இழுத்துவிட்டால், திருப்பிப் பார்க்கும்போது பூ முன்னால் நிற்கும். குழந்தையின் ஆடை சிவப்பு. இடது கையில் புத்தகம்.

முகத்துக்கு ஆழ்ந்த பழுப்பு. தயவுசெய்து வெளுக்க வைக்காதீர்கள். மங்கலாக இருக்கிறதே என்று வெள்ளை கலக்கத் தோன்றும். கறுப்பு மாதா கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் தங்கம் வந்ததும் அந்த முகம் எப்படி எழுந்து நிற்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

மூலைகளில் ரோஜா, துலிப் போன்ற பூக்கள் வைப்பது மலைநாட்டு வழக்கம். எல்லாம் முடிந்த பின் பின்னணியை நீலத்திலோ பச்சையிலோ மொத்தமாகப் பூசுங்கள். காய்ந்ததும் கண்ணாடியை விளக்குக்கு முன் தூக்கிப் பிடித்தால் ஊசிமுனை ஓட்டைகள் மின்னும். அந்த இடங்களில் இரண்டாவது பூச்சு.

தங்கம்

ஒளிவட்டத்துக்கும் கிரீடத்துக்கும் மூன்று வழிகள். தங்க நிற பெயிண்ட் எளிது, ஆனால் கொஞ்சம் மங்கும். அசல் தங்கத்தாளை ஜெலட்டின் கரைசலால் ஒட்டுவது மிக அழகு. கை தேர்ந்த பிறகு செய்யலாம். நான் விரும்புவது மூன்றாவது வழி. ஒளிவட்டத்தின் கோடுகளை மட்டும் வரைந்துவிட்டு, உட்புறத்தைப் பெயிண்ட் போடாமல் வெறும் கண்ணாடியாக விடுங்கள். தங்க ஜிகினாத் தாளைக் கையால் லேசாகக் கசக்கி, நிமிர்த்தி, பின்னால் வையுங்கள். கசங்கிய தாள் ஒவ்வொரு பக்கமும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால், நீங்கள் அறையில் நடக்க நடக்க ஒளிவட்டம் மினுங்கும். சின்ன வீட்டில், மாலை விளக்கில், இதற்கு ஈடில்லை.

சட்டம்

பெயிண்ட் இருக்கும் முதுகுப்புறத்தில் அட்டையை நேராக அழுத்தி வைக்காதீர்கள். ஈரம் பட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது முகமே அட்டையோடு வந்துவிடும். ஓரத்தில் மெல்லிய அட்டைக் கீற்று கொடுத்து ஓர் இடைவெளி விட்டு, பிறகு பின்பலகை. சட்டத்துக்குப் பைன் மரம்தான் அந்த ஊர்க் குணத்துக்குப் பொருந்தும். பாலிஷ் வேண்டாம், வெறும் மரமே அழகு.

மாட்டுவது

2 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ. 30 × 20 அளவுக்கு 300 கிராம், 30 × 40 என்றால் 600 கிராம். சட்டத்தையும் பலகையையும் சேர்த்தாலும் ஒரு நல்ல திருகாணி தாங்கும். சுவர் பொரபொரப்பாக இருந்தால் துளையிட்டு ரால் பிளக் அடித்துத் திருகுங்கள்.

பொட்ஹாலே பாணியில் சாய்த்து மாட்ட ஒரு நுட்பம் உண்டு. கயிறு கட்டும் வளையங்களைச் சட்டத்தின் மேல் விளிம்பில் வைக்காமல், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே வையுங்கள். படத்தின் தலை தானாக முன்னால் சாயும். வளையம் கீழே போகப் போகச் சாய்வு கூடும். கீழ் விளிம்பு வழுக்காமல் இருக்கச் சுவர் நீளத்துக்கு ஒரு மெல்லிய மரக்கட்டை அடித்து அதன்மேல் படங்களை நிறுத்துங்கள். வரிசையும் நேராக இருக்கும். சாய்வு வெறும் அழகுக்கில்லை. உயரத்தில் நேராக மாட்டிய கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் பட்டு, படத்துக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும்.

மாதா நடுவில். பக்கத்துப் படங்களில் இருப்பவர்கள் நடுவை நோக்கித் திரும்பியிருந்தால் நன்றாக இருக்கும், அதனால் யாரை எந்தப் பக்கம் மாட்டுவது என்பதை வரையும் முன்பே முடிவு செய்யுங்கள். சோபியெஸ்கியின் குதிரை மாதாவுக்கு முதுகு காட்டி ஓடக் கூடாது. நேர் வெயில் படும் சுவர், சமையலறை, குளியலறைக்கு ஒட்டிய சுவர் மூன்றும் வேண்டாம். கண்ணாடி ஓவியத்துக்கு ஈரம்தான் எமன். பெயிண்ட் செதில் செதிலாகக் கழன்றுவிடும். முன்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள், தண்ணீரைப் படத்தின்மேல் தெளிக்க வேண்டாம். எங்காவது பழைய அசல் படம் கிடைத்து, அதில் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் நீங்களே தொட்டுச் சரிசெய்யாதீர்கள். பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த குருத்தைப் போலந்து வீடுகளில் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். அங்கே தென்னை கிடையாது, அரும்பு விட்ட வில்லோக் கிளைதான் குருத்து. நம் வீட்டிலும் ஓலையை அப்படித்தான் செருகுகிறோம். மரக்கட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடம் விட்டு மாட்டுங்கள், கிளையோ ஓலையோ அங்கே நிற்கும்.